சினிமாப் பைத்தியமும் சம்பளச் சீட்டும்

தொழிற்சங்கத்துக்காரர் சினிமாவைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று சிலர் சிரிக்கக் கூடும். சிரிக்கட்டும், பரவாயில்லை. சேமநிதி, சொக்சோ, ஓவர்டைம் என்று எழுதிக்கொண்டிருக்கும் நமக்கும் ஒரு பைத்தியம் உண்டு. அதை இன்று ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டு விடுகிறோம். படம், படத்துப் பாட்டு, டிவியில் தொடர் நாடகம், இந்த மூன்றும் இல்லாமல் நமக்கு ஒரு வாரம் கழியாது. ஆனால் இந்தப் பைத்தியத்தால் ஒரு தம்பிக்கு மாதம் நூறு வெள்ளி கூடக் கிடைத்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று பேனா எடுத்தோம்.

முதலில் நம் கதை. நாம் பிறந்து வளர்ந்தது கிள்ளானை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டம். அப்பா, அம்மா இருவருக்கும் பால்மரம் வெட்டுகிற வேலை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரையில் இறங்கி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். எண்பதுகளில் தோட்டத்துப் பள்ளியில் படித்த நமக்கு வெளியுலகத்தைக் காட்டியவர்கள் இரண்டே பேர். ஒருவர் வாத்தியார், இன்னொருவர் படக்காரர்.

திருவிழா வந்தால் கோயில் திடலில் விடிய விடிய வீடியோ. பட்டணத்திலிருந்து டெக்கும் பெட்டியும் வாடகைக்கு வரும். லயத்துக்கு லயம் காசு பிரிப்பார்கள். பாய், சாக்கு, பழைய சீலை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் இடம் பிடிப்போம். மூன்றாவது படம் ஓடும்போது பாதிப் பேர் தூங்கிப் போவார்கள். ஆனால் எழுந்து வீட்டுக்குப் போகிறவர் ஒருவரும் இருக்க மாட்டார். காலையில் கண் சிவக்க நேராகப் பெரட்டுக்கு நடந்தவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம்.

படம் வருஷத்துக்கு நாலு தடவை என்றால் பாட்டு தினமும் உண்டு. ரேடியோ இருந்த வீட்டு வாசலில் நின்று கேட்டாலே போதும். அப்படித்தான் இளையராஜா நம்மைப் பிடித்துக்கொண்டார். 1976இல் வெளிவந்த 'அன்னக்கிளி' அவருக்கு முதல் படம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவர் எங்கே இருந்தார் என்பதைத் தோட்டத்துக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில் பாட்டுப் பாடியவர். தம்பிமாரும் அந்தக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார்கள். 1958இல் கேரளத்து தேவிகுளத்தில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. தேவிகுளம், மூணாறு வட்டாரமெல்லாம் தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அந்த மக்களிடம் பாவலர் பாட்டாலேயே ஓட்டுக் கேட்டார், அவர் கட்சியும் ஜெயித்தது. ஆக, நாம் உயிரை விட்டுக் கேட்கிற இந்த இசைக்குத் தொழிலாளர் கூட்டமும் ஒரு பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது. இதை அறிந்த நாளிலிருந்து, கூட்டத்துக்கு முன்னால் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதற்கு நாம் யாரிடமும் வெட்கப்படுவதில்லை.

முதல் சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை நாம் பஸ் ஏறிப் போனது பிரிக்பீல்ட்ஸுக்கு. அப்போது அங்கே பாட்டுக் கடைகளில் கேசட்டுகள் சுவர் முழுக்க அடுக்கியிருக்கும். எந்தப் பாட்டு வேண்டும் என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால், வெறும் கேசட்டில் பதிந்து தருவார்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒரு வாரம் யோசித்து எழுதிய காகிதம் அது. அம்மாவுக்குச் சேர்த்து வைத்திருந்த காசில் கொஞ்சம் அதற்குப் போனதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2010இல் பிரிக்பீல்ட்ஸ் 'லிட்டில் இந்தியா' என்று அலங்காரம் பெற்றது. இன்று பாட்டெல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டது. நம் கேசட்டுகள் இன்னும் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.

கோலாலம்பூர் கொலிசியம் தியேட்டருக்கு நூறு வயது கடந்துவிட்டது. பழைய பத்து ரோட்டில், இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் நிற்கும் அந்தக் கட்டடத்தில் தமிழ்ப் படம் பார்க்காத நம் தலைமுறை ஆள் குறைவு. ஆனால் சினிமா பார்க்கப் போகும்போதெல்லாம் நமக்கு இன்னொரு நினைப்பும் வரும். பெட்டாலிங் ஜெயா ஒரு காலத்தில் எபிங்ஹாம் தோட்டம். சுபாங் ஜெயா இருப்பது சீபீல்ட் தோட்டத்து மண். கிள்ளான் பக்கத்து செத்தியா ஆலாம், நார்த் ஹம்மொக் தோட்டம். இன்று ஏர்கண்டிஷன் போட்ட தியேட்டரில் பாப்கார்னோடு உட்கார்ந்திருக்கும் இடத்தில், நேற்று யாரோ ஓர் அம்மா பால் வாளியோடு நடந்திருப்பார். டிக்கெட் எடுக்கும்போது அதையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டால் தப்பில்லை.

தொடர் நாடகம் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. 1996இல் ஆஸ்ட்ரோ வந்து, வானவில் அலைவரிசையும் வந்த பிறகு, டிவி பெட்டி வீட்டில் ஓர் ஆள் மாதிரி ஆகிவிட்டது. சில வருஷம் கழித்து, நாம் சங்க வேலைக்குப் புதுசு. நம் பெண்கள் வாயில் எப்போதும் 'மெட்டி ஒலி' பேச்சாக இருந்த காலம். ஒரு செம்பனைத் தோட்டத்தில் ராத்திரி எட்டு மணிக்குக் கூட்டம் போட்டோம். ஆண்கள் பதினைந்து பேர் வந்தார்கள், பெண்களில் ஒருவர் கூட இல்லை. நமக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் ஒரு பெரிய அம்மாவிடம், "நாடகம் சோறு போடுமா?" என்று கேட்டுவிட்டோம்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. "தம்பி, காலையிலேர்ந்து மண்டோர் பேசுறதக் கேக்குறோம். வீட்டுக்கு வந்தா புருஷன் பேசுறதக் கேக்குறோம். அந்த அரை மணி நேரந்தான் எங்களுக்குன்னு இருக்கு. அதுலயும் நீங்க வந்து பேசணுமா?" என்றார்.

நமக்கு வாய் அடைத்துப் போயிற்று. அடுத்த கூட்டத்தை நாடகம் முடிந்த பிறகு வைத்தோம். ஆரம்பத்திலேயே நாடகத்தைப் பற்றித்தான் பேசினோம். ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த அப்பா படும் பாட்டைப் பேசப் பேச, தங்கள் வீட்டுக் கல்யாணக் கடன், வட்டிக்காரன் தொல்லை, பிடித்தம் போக மிச்சமாகும் சம்பளம் எல்லாம் தானாக வெளியே வந்தது. அன்று நாம் எழுதிக்கொண்ட புகார்கள் பதினொன்று. ரசிகனைத் திட்டினால் சங்கம் வளராது என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டோம்.

இப்போது அந்தத் தம்பியின் கதைக்கு வருவோம். 2016 ஜூலை 22ஆம் தேதி 'கபாலி' வெளியானது. பா. ரஞ்சித் இயக்கி, ரஜினிகாந்த் நடித்து, பெரும்பகுதி நம் நாட்டிலேயே படமாக்கப்பட்ட படம். சந்தோஷ் நாராயணன் இசையில் நம் மலேசியக் கலைஞர் ரோஷன் ஜம்ராக்கின் குரலும் இருந்தது. மலாய் மொழியிலும் பேச வைத்தார்கள். நம் நாட்டுப் பிரதியில் மட்டும், கபாலி போலீசில் சரணடைந்தார் என்று முடிவில் ஓர் அறிவிப்பையும் சேர்த்தார்கள். கிள்ளானில் நாம் படம் பார்த்துவிட்டு வெளியே வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ரஜினி படம் போட்ட சட்டையோடு ஒரு தம்பி மோட்டாரை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்தான். ஏற்கெனவே முகம் தெரிந்த பையன். தாத்தா பாட்டி காலத்தில் தோட்டம், இப்போது பிளாட்டு வீடு. ஒரு தொழிற்சாலையில் குத்தகைக்காரரிடம் வேலை.

"அண்ணே, சீனங்களுக்கு ஒரு கூலி, நமக்கு ஒரு கூலின்னு படத்துல வருதே, அது நெசமா? இல்ல சும்மா கதைக்கா?"

நெசம்தான் என்றோம். அவனை உட்கார வைத்துச் சொன்னோம். 1941. இதே கிள்ளான் வட்டாரம். ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் பின்னால் தோட்டத்து ஜனங்கள் திரண்டார்கள். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கிற கூலி எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அந்தச் சண்டை சீனத் தொழிலாளியோடு அல்ல. ஆளைப் பிரித்து வைத்துக் கூலியைக் குறைத்த தோட்ட முதலாளிமாரோடுதான். பிள்ளைகளுக்குப் படிப்பு, சரியான வைத்திய வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துவது, சங்கம் வைக்கும் உரிமை, இவையும் அவர்கள் கேட்டவை. நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர் உயிர்கள் போயின.

அந்தக் கோரிக்கைகளில் இன்னொன்றும் இருந்தது. தொரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதே அது. படத்தில் கபாலி கோட்டுப் போடுவதற்கு ஒரு காரணம் சொல்கிறார் அல்லவா? உடுப்பு என்பது வெறும் உடுப்பு அல்ல, அதற்குள் மரியாதைச் சண்டை இருக்கிறது என்கிறார். கைதட்டினோம், விசில் அடித்தோம். ஆனால் கபாலி கோட்டுப் போடுவதற்கு 75 வருஷத்துக்கு முன்னாலேயே, சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்று நம் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னணி இசை கிடையாது, அவ்வளவுதான்.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். நாம் தொழிலை விடுவோமா? "உனக்கு என்னப்பா சம்பளம்?" என்று கேட்டோம். 900 வெள்ளி என்றான். அந்த ஜூலை முதல் தேதியிலிருந்துதான் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளியிலிருந்து 1,000 வெள்ளியாகக் கூடியிருந்தது. "மாசக் கடைசியில சீட்ட பாரு. ஆயிரம் இல்லேன்னா எடுத்துக்கிட்டு வா" என்றோம்.

ஆகஸ்டில் சீட்டோடு வந்தான். அதே 900. எட்டுப் பேர் ஒரே வேலை. கடிதத்தில் மூன்று பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள், மற்ற ஐவருக்கும் பயம். நம் தம்பிக்கும் பயம்தான், பேனாவைப் பிடித்த கை நடுங்கியதை நாம் பார்த்தோம். குத்தகைக்காரர் முதலில், "இஷ்டம் இல்லேன்னா போங்க" என்றார். தொழிலாளர் இலாகாவுக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் இறங்கி வந்தார். செப்டம்பரில் இரண்டு மாதப் பாக்கி, ஆளுக்கு 200 வெள்ளி, எட்டுப் பேருக்கும் கிடைத்தது. கையெழுத்துப் போடாத ஐவரும் வாங்கிக்கொண்டார்கள். வாங்கட்டும், அவர்கள் வியர்வையும்தானே அது. தம்பி பாட்டிக்கு ஒரு சீலை எடுத்தான், மிச்சத்தில் தீபாவளிப் படத்துக்கு டிக்கெட் காசை ஒதுக்கி வைத்தான். அவனல்லவோ ரசிகன்!

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். படத்தில் ஒரு கபாலி வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். கையில் துப்பாக்கி இருக்கிறது. நம் வாழ்க்கையில் அப்படி ஒருவர் வர மாட்டார். துப்பாக்கியை நம்பி, குண்டர் கும்பலில் சேர்ந்து, சிறைக்கும் சுடுகாட்டுக்கும் போன நம் பிள்ளைகளை நாம் அறிவோம். தோட்டம் உடைந்த பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை நம் நாட்டுக்காரர் சஞ்சய் குமார் பெருமாள் 2015இல் 'ஜகாட்' படத்தில் காட்டினார். 2016இல் அது சிறந்த மலேசியப் படமாக விருது பெற்றது. அதற்கு முன்பே, 2005இல் தீபக் குமாரன் மேனன் ரப்பர் தோட்டத்துக் குடும்பத்தை வைத்து 'செம்மண் சாலை' எடுத்தார். இந்த இரண்டு படத்துக்கும் பாலாபிஷேகம் செய்ய யாரும் வரவில்லை. தேடிப் பிடித்துப் பாருங்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கபாலியைப் பார்த்தவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். ஆரம்பத்தில், சிறையில் உட்கார்ந்திருக்கும் கபாலியின் கையில் இருப்பது ஒரு புத்தகம். அந்தக் காட்சிக்கும் ஒரு விசில் அடித்திருக்கலாம்.

அந்தத் தம்பி பிறகு ஒரு நாள் வந்து சொன்னான். நாம் சொன்ன சைக்கிள் விஷயத்தைப் பாட்டியிடம் கேட்டானாம். "ஆமாப்பா, தொர வந்தா எறங்கி ஓரமா நிக்கணும்னு எங்கப்பா சொல்லுவாரு" என்றாராம் பாட்டி. "இத்தன நாளா ஏன் சொல்லல?" என்று கேட்டதற்கு, "யாருப்பா கேட்டீங்க?" என்றாராம்.

ஆகவே சகோதர சகோதரிகளே, படம் பாருங்கள், பாட்டுக் கேளுங்கள், நாடகத்தையும் விடாதீர்கள். வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். டிவியை அணைத்த பிறகு, வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் அவர்கள் காலத்துக் கதை ஒன்றைக் கேளுங்கள். கைப்பேசியில் பாட்டு மட்டும்தானா பதியும்? அவர்கள் குரலையும் பதிந்து வையுங்கள். அடுத்து, சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 2025இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. உங்கள் சீட்டில் அது இல்லையென்றால், பக்கத்தில் இருக்கும் சங்கத்துக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். நாடகம் முடிந்த பிறகே வாருங்கள். அதுவரை காத்திருப்போம்.