மனுவில் அடங்காத கணக்கு

தாம்பரத்தை ஒட்டிய எங்கள் முடிச்சூரில் வீடு பார்க்க வருகிறவர்கள் சதுர அடி விலையைக் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்பார்கள்: "2015-ல இங்க தண்ணி எவ்வளவு வந்துச்சு?" புரோக்கர் சிரித்துக்கொண்டே, "இங்க வரல சார், அந்தப் பக்கம்தான்" என்று கையை நீட்டுவார். அந்தப் பக்கம் போனால் அங்கிருக்கிற புரோக்கர் இந்தப் பக்கம் கையை நீட்டுவார்.

அந்த ஆண்டு டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதுதான் காரணம் என்று சென்னை முழுக்கப் பேச்சு. முடிச்சூருக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம், எங்களுக்குக் கீழே. எங்களை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வந்த தண்ணீரும், அதைத் தாங்குகிற அகலம் இல்லாமல் போன ஆறும்தான். நவம்பரிலேயே வெள்ளம் ஒருமுறை வந்து ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிருந்தது.

எங்கள் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஒரு நோட்டுப் போட்டார். மோட்டார் ரீவைண்டிங் செலவு, துருப்பிடித்துப் போன சக், கைவிட்டுப் போன ஆர்டர், ஊருக்குப் போய்த் திரும்பி வராத இரண்டு பையன்கள், தவணை தவறியதால் ஏறிய வட்டி எல்லாம் அதில் இருக்கிறது. ஒருநாள் நோட்டை என்னிடம் காட்டியபோது அவர் சொன்னது இது: "ஆத்த அகலப்படுத்தறத வெள்ளத்தடுப்பு வேலைன்றாங்க சார். எனக்கு அது மெஷின் வாங்கற மாதிரி. ஆறு சரியா இருந்தா நான் இன்னொரு லேத் போடுவேன். இல்லன்னா இருக்கறத வித்துட்டு வாடகைக்கு விட்ருவேன்."

நான் கேட்ட பொருளாதார உரைகளில் பலவற்றைவிட இது தெளிவாக இருந்தது. ஆற்றுக்குச் செலவிடும் பணத்தைத் தொழில் முதலீடாகப் பார்க்கச் சொல்கிறார் அவர். அதை எங்கே போய்ச் சொல்வது? ஒரு முகாமில் சொல்லிப் பார்த்தாராம். "மனுவா எழுதிக் குடுங்க, நீங்க கேக்கற நிவாரணம் எவ்வளவுன்னு போடுங்க" என்றிருக்கிறார்கள். அவர் நிவாரணம் கேட்கவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

மனு வாங்குவதில் தமிழ்நாட்டுக்கு நல்ல பழக்கம் உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ், 2023-இல் 'மக்களுடன் முதல்வர்', 2025-இல் 'உங்களுடன் ஸ்டாலின்' என்று வாசல்களுக்குக் குறைவில்லை. பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை போன்றவற்றுக்கு இவை பயன்படவே செய்கின்றன. நான் கேலி செய்யவில்லை. ஆனால் மனு என்பது 'எனக்கு' என்று தொடங்குகிற காகிதம். 'நமக்கு' என்று தொடங்கினால் எந்த மேசைக்கு அனுப்புவது என்று யாருக்கும் தெரிவதில்லை. யோசனை சொல்ல ஆளில்லாமலும் இல்லை. 2021-இல் ரகுராம் ராஜன், எஸ்தர் டஃப்லோ, ஜான் த்ரேஸ், அரவிந்த் சுப்பிரமணியன், எஸ். நாராயண் என ஐந்து பேரைக் கொண்ட பொருளாதார ஆலோசனைக் குழுவை அப்போதைய முதல்வர் அமைத்தார். அதில் ஒருவர் நோபல் பரிசு வாங்கியவர். லேத்காரரின் நோட்டு அந்த ஐவரின் மேசை வரை போக ஒரு வழி இருந்தால் அவர்களே அதை ஆவலோடு படித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மேசை எதுவும் கிடைக்காமலேயே வேலையைத் தொடங்கியவர்கள் எங்கள் வட்டாரத்தில் உண்டு. பம்மல் சங்கரா நகர்ப் பெண்கள் 1994-இல் தெருக் குப்பையைத் தாங்களே கையிலெடுத்தார்கள். மங்களம் பாலசுப்ரமணியன் முன்னே நின்றார். வீட்டுக்கு வீடு மாதச் சந்தா வாங்கி, குப்பையைப் பிரித்து எடுக்க ஆள் வைத்து, மட்கும் குப்பையை மண்புழு உரமாக்கி விற்றார்கள். எக்ஸ்னோரா அமைப்போடு சேர்ந்து அது பம்மலின் மற்ற தெருக்களுக்கும் பரவியது. குப்பை அள்ளும் தொழிலாளிக்கு மாதச் சம்பளமும், தோட்டக்காரருக்கு உரமும், தெருவுக்குச் சுத்தமும் ஒரே ஏற்பாட்டில் கிடைத்தன. சமையலறையில் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் செய்த வேலை அது. இருபத்தெட்டு வருடம் கழித்து, 2022 நவம்பர் 1 அன்று, நகர்ப்புறங்களில் வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டங்களை அரசு நடத்தியபோது அப்போதைய முதல்வர் வந்து உட்கார்ந்ததும் அதே பம்மலில்தான், தாம்பரம் மாநகராட்சியின் ஆறாவது வார்டில்.

முடிச்சூருக்கு அந்தச் சபை கிடைக்கவில்லை. 2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பக்கத்துப் பெருங்களத்தூர் உள்ளே போனது. முடிச்சூர் ஊராட்சியாகவே வெளியே நின்றது. அடுக்குமாடிகள் எழும்பி நிற்க, சட்டப்படி நாங்கள் கிராமம். எனவே எங்களுக்குக் கிராம சபை. ஆண்டுக்கு நான்காக இருந்தது இப்போது ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எவரும் எழுந்து பேசலாம். சென்னைக்குள் வாடகைக்கு இருந்த காலத்தில் எனக்கு இந்த உரிமை இருந்ததில்லை. இங்கே குடிவந்த பிறகு எத்தனை முறை போனேன் என்று கேட்காதீர்கள்.

கிராம சபையில் கை தூக்குவதற்கும் காரியம் நடப்பதற்கும் நடுவே பணம் இருக்கிறது. 15-ஆவது நிதி ஆணையம் ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்துத்தான் தந்தது. கையில் மிஞ்சுவதில் தெருவிளக்குக் கரண்ட் பில், மோட்டார் பில், சம்பளம். யோசனைக்கு என்று ஒதுக்கிய பணம் கிடையாது. கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது முதலில் செய்த காரியம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் கொடுத்ததுதான். பேச்சு பிறகு தானாக வளர்ந்தது. அங்கேயும் அரைகுறையாக நின்ற வேலைகள் ஏராளம், கட்சிச் சண்டையும் உண்டு. ஆனாலும் பணம் வந்ததால் கூட்டம் வந்தது.

பணம் வருவதற்குக் காத்திராத ஊராட்சியும் தமிழ்நாட்டில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஓடந்துறையில், சண்முகம் தலைவராக இருந்தபோது, வீடுகளுக்குக் குடிநீர்க் குழாய் போட்டார்கள். தண்ணீர் வந்தது, மோட்டார் ஓட ஓட மின்கட்டணமும் ஏறியது. மற்ற ஊர்களில் இந்த இடத்தில் ஒரு மனு எழுதியிருப்பார்கள். இவர்கள் மரக்கழிவில் ஓடும் எரிவாயுக் கருவியைப் போட்டுப் பார்த்தார்கள், சூரிய விளக்கு வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் 2006-இல், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை விலைக்கே வாங்கினார்கள். விலை 1 கோடியே 55 லட்சம். ஊராட்சி சேர்த்து வைத்திருந்தது 40 லட்சம். மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம் அதை நிறுத்தினார்கள். தங்கள் தேவை போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கே விற்றார்கள். மின்வாரியத்துக்குப் பாக்கி வைக்கிற ஊராட்சிகளைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இது மின்வாரியத்துக்கு விற்ற ஊராட்சி.

முடிச்சூரின் காற்றாலை எது? போன மாதம் ஒரு மகளிர் குழுவில் இருக்கும் பெண் சொன்னதைக் கேட்டு அசந்துபோனேன். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை எங்கள் ஊரைத் தொட்டுத்தான் போகிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்த பிறகு, அந்தச் சாலையோரம் ஆம்னி பஸ்களுக்கென்று நூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் நிற்கிற இடத்தைக் கட்டினார்கள். ராத்திரி ஓடிய வண்டிகள் பகலெல்லாம் அங்கே படுத்துக் கிடக்கும்.

"ஒவ்வொரு ஸ்லீப்பர் பஸ்லயும் கம்பளி, தலகாணி உறை, திரைத்துணி இருக்குண்ணா. அதெல்லாம் எங்க தொவைக்கறாங்க? வண்டி நிக்கறது இங்க. ஒரு பெரிய வாஷிங் மெஷினும் காயவைக்கற மெஷினும் இருந்தா எங்க குழுவே செஞ்சிரும். கடன் கட்டறதுல நாங்க ஒரு நாள் தவறினதில்ல" என்றார்.

இடம், தண்ணீர், கழிவுநீர் வெளியேறும் வழி என்று நான் இழுத்தேன். அதற்கும் கணக்கு வைத்திருந்தார். துவைத்த தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது ஏரிக்குத்தான் போகும், பிறகு எங்கள் தெருவுக்குத்தான் திரும்பி வரும் என்றார். வெள்ளம் பார்த்த ஊர்க்காரி.

பெண்களின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தால் ஒருவருக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு ஒன்று சொன்னது. அந்த மிச்சத்திலிருந்துதான் தங்கள் குழுவின் மாதச் சேமிப்பு வருகிறது என்று அந்தப் பெண் சொன்னார். டிக்கெட்டில் மிஞ்சியது வாஷிங் மெஷினுக்கு முன்பணமாகத் திரண்டுகொண்டிருக்கிறது. பஸ் கம்பெனிக்காரர்களிடம் யார் பேசுவது என்பதில்தான் நிற்கிறார்கள்.

லேத்காரரைச் சமீபத்தில் பார்க்கப் போனேன். பட்டறைக்குள் கொத்தனார் வேலை செய்துகொண்டிருந்தார். மெஷின் நிற்கும் மேடையை இன்னும் ஒரு அடி உயர்த்துகிறார்களாம். சிமென்ட், ஜல்லி, கூலி எல்லாவற்றையும் அதே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தின் மேலே 'ஆறு' என்று தலைப்புப் போட்டிருந்தது.