ஊர்வலத்தில் கொதிக்கும் கார்: ரேடியேட்டர் ஃபேனைச் சோதிப்பது எப்படி?

காரின் ரேடியேட்டர் ஃபேன் கெட்டிருப்பது நெடுஞ்சாலையில் பெரும்பாலும் தெரியாது. செஞ்சி வழியாக வேகமாக வரும்போது முன்புறம் புகும் காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். திருவண்ணாமலையை நெருங்கி, பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் வண்டி ஊரத் தொடங்கியதும் அந்தக் காற்று நின்றுபோகிறது. ஹீட் மீட்டர் முள் ஏறுகிறது. ஏசியின் குளிர்ச்சியும் குறையும், பல கார்களில் ஏசி கண்டென்சருக்கும் அந்த ஃபேன்தான் காற்று தருகிறது. ஊர்ந்தால் சூடு, ஓடினால் சரி என்றால் முதல் சந்தேகம் ஃபேன்மீது. வேகமாக ஓடும்போதும் சூடேறினால் கூலன்ட் குறைவு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் அடைப்பு ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அம்பாசடர் காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. இன்ஜின் ஓடும்வரை ஃபேனும் பெல்ட்டோடு சுற்றியது. 1983-இல் வந்த மாருதி 800-இல் இன்ஜின் குறுக்குவாட்டில் அமைந்ததால் ஃபேனுக்குத் தனி மின்மோட்டார் வந்தது. இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் கூலன்ட் ஏறத்தாழ 95 முதல் 100 டிகிரி செல்சியஸைத் தொடும்போது சென்சார் அதை இன்ஜின் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கும். கம்ப்யூட்டர் ரிலேயை இயக்கும். ஃபியூஸ் வழியாக மோட்டாருக்கு மின்சாரம் போகும்.

சோதனையை ஏசியிலிருந்து தொடங்குவது எளிது. வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டால் பல கார்களில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. சென்சாரையோ அதன் வயரையோ பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சுற்றவில்லையா? ஃபியூஸைப் பார்க்கலாம். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவில்தான் மாற்ற வேண்டும். புதியதும் எரிந்தால் மோட்டார் இறுகியிருக்கலாம், அல்லது வயர் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கலாம். அப்போது பெரிய ஃபியூஸ் போடுவது காருக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

ஃபியூஸ் சரி என்றால் அடுத்தது ரிலே. அதே பெட்டியில் அதே எண்ணுள்ள வேறொரு ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அதிலும் பயனில்லை என்றால் ஃபேன் கப்ளரைக் கழற்றி, ஃபேன் ஓட வேண்டிய நேரத்தில் டெஸ்ட் லேம்ப் வைக்க வேண்டும். விளக்கு எரிந்தும் ஃபேன் சுற்றாவிட்டால் மோட்டாரில்தான் கோளாறு. பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். தட்டினால் சுற்றத் தொடங்கும் மோட்டார் இந்த வகை. விளக்கு எரியாவிட்டால் ஒரு முனையை நேரடியாக பேட்டரி நெகட்டிவில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது எரிந்தால் எர்த் வயர் விட்டிருக்கிறது. இரண்டு வேகமுள்ள ஃபேன் அதிவேகத்தில் மட்டும் சுற்றினால் ரெசிஸ்டர் போயிருக்கலாம். இன்ஜின் ஆறிய பின்னும் நிற்காமல் ஓடினால் ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

சில பட்டறைகளில் ஃபேன் எப்போதும் சுற்றும்படி ‘டைரக்ட்’ கொடுத்து, தெர்மோஸ்டாட்டையும் கழற்றி அனுப்பிவிடுகிறார்கள். அன்று ஊர் போய்ச் சேரலாம். ஆனால் இன்ஜின் உரிய சூட்டை எட்டாமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், கோளாறும் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும்.

சோதிக்கும்போது கையையும் துண்டையும் இறக்கைக்கு அருகே கொண்டுபோகக் கூடாது. சாவியை எடுத்த பின்பும் சில கார்களில் ஃபேன் திடீரென்று சுற்றும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த நொடியில் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.