பாட்டு யாரோடது பாஸ்?

பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறினா சிறுமலை. பனி, வாழைத் தோட்டம், காடு... கேமரா வைக்கிற இடமெல்லாம் ஃப்ரேம்! குறும்படம்னதும் திண்டுக்கல் பசங்க பைக்கைக் கிளப்பிட்டு மேலே போறது இதுக்குத்தான். எடுத்து முடிச்சாச்சு. பின்னணியில ஒரு இளையராஜா பாட்டைப் போட்டா படம் ரெடி!

அங்கேதான் பாஸ் வில்லங்கமே!

நம்ம மாவட்டத்து கொடைக்கானல் குணா குகைக் கதைதானே 'மஞ்சும்மல் பாய்ஸ்'? 2024 பிப்ரவரியில் ரிலீஸாகி சூப்பர் ஹிட். மே மாசம், அதில் வந்த 'குணா' படப் பாட்டுக்காக இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ். ஆடியோ கம்பெனிகளிடம் முறைப்படி உரிமை வாங்கிட்டோம் என்றது தயாரிப்புத் தரப்பு. கேட்டு வாங்கினவங்களுக்கே நோட்டீஸ்னா, டவுன்லோடு பண்ற நம்ம கதி?

ஒரு பாட்டுக்குள்ளே மூணு சொத்து இருக்கு. பாடல் வரி, மெட்டு, ஒலிப்பதிவு. மூணுக்கும் மூணு ஓனர்கூட இருக்கலாம். '30 செகண்ட் வரைக்கும் ஃப்ரீ மச்சி'னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 1957-ம் வருஷத்து காப்பிரைட் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது.

'எங்க செட்லயே ஒருத்தன் கீபோர்டு வாசிப்பான்'ங்கறீங்களா? சபாஷ்! ஆனா, காசு வாங்காம நட்புக்காகப் போட்ட மெட்டுக்கு முதல் ஓனர் அவன்தான். நாளைக்கு ரெண்டு பேருக்கும் முட்டிக்கிச்சுன்னா படம் ஹார்டு டிஸ்க்லயே தூங்கும். உரிமையை வாய்வார்த்தையில் மாத்த முடியாது. எழுத்தில் வேணும், அவன் கையெழுத்தும் வேணும். எத்தனை வருஷம்னு எழுதலையா? 5 வருஷம்தான். எந்தெந்த நாட்டுக்குனு எழுதலையா? இந்தியாவுக்குள்ளே மட்டும்தான். வெளிநாட்டு ஃபெஸ்டிவல் கனவு இருக்கிறவங்க அந்த ஒரு வரியை மறந்துடாதீங்க!

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஃபைல் போடுங்க. கதை எழுதினவர், இசை போட்டவர், நடிச்சவங்க... எல்லார்கிட்டயும் ஆளுக்கு ஒரு தாள். காட்டுக்குள்ளே ஷூட்டிங்னா வனத்துறை அனுமதிக் கடிதம். ஸ்கிரிப்டை காப்பிரைட் அலுவலகத்தில் பதிவு பண்ண கட்டணம் 500 ரூபாய். கட்டாயமில்லை, ஆனா பின்னால் பிரச்னைனு வந்தா நல்ல சாட்சி.

இந்தக் கையெழுத்தெல்லாம் ஷூட்டிங்குக்கு முதல் நாள் கேட்டா ஒரு டீயோட முடிஞ்சிடும். படம் ஹிட்டான பிறகு கேட்டுப் பாருங்க... டீயோட யாரு விடுவா?