புள்ளிவிபரமும் மக்கள் நலமும்



மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்வோர் முப்பது மைல் தூரத்துக்குள் இருவேறு நிலங்களைக் காண்பர். தெற்கே மலைகளும் தேயிலை, இறப்பர், கொக்கோத் தோட்டங்களும். வடக்கே குளத்தை நம்பிய வயல்களும் வரண்ட காடுகளும். இவையனைத்தும் ஒரே மாவட்டம். இங்கு வாழ்வோரின் சுகநிலையை ஒரே எண்ணால் கூறிவிட முடியுமா? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

மக்கள் நலத்தை அளக்கும் கருவிகளுள் சிறந்தது சிசு மரண வீதம். உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஒரு வயது நிறையுமுன் இறப்பவை எத்தனை என்பதே அது. தாயின் உணவு, குடிநீர், மருத்துவச்சியின் உதவி ஆகிய யாவும் இந்த எண்ணில் பிரதிபலிக்கின்றன. இலங்கையில் 1867ஆம் ஆண்டு முதல் பிறப்பு, இறப்புப் பதிவு சட்டப்படி நடைபெறுவதால், நெடுங்காலக் கணக்கு நம்மிடம் உண்டு.

மலேரியாக் கொள்ளைநோய் நாட்டை வாட்டிய 1935இல் இவ்வீதம் 263. 1946இல் அது 141; மறு ஆண்டே 101. அக்காலத்தில் வீடுதோறும் டி.டி.டீ. மருந்து தெளிக்கப்பட்டது. ஆகவே மருந்தே உயிர்களைக் காத்தது என்றனர் சிலர். மலேரியா அரிதாயிருந்த மாவட்டங்களிலும் இறப்புக் குறைந்ததைச் சுட்டிக்காட்டி, வைத்தியசாலைகளுக்கும் உணவுக்கும் பங்குண்டு என்றனர் வேறு சிலர். மாவட்டவாரியாகக் கணக்கிருந்ததனால் அன்றோ இவ்வாறு ஆராய முடிந்தது!

எண் குறைந்ததும் அயர்ந்துவிடுதல் கூடாது. 1963இல் நாடு முழுவதிலும் கண்ட மலேரியா நோயாளர் 17 பேரே. காவல் தளர்ந்தது, அப்பத்தாண்டு முடிவதற்குள் நோயாளர் தொகை இலட்சக்கணக்காயிற்று. உள்நாட்டில் தொற்றிய நோய் 2012இல்தான் ஓய்ந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

இனிச் சராசரியின் குறையைக் கவனிப்போம். ஓரிடத்தில் ஆயிரத்துக்கு 20 குழந்தைகளும், அதே அளவு பிறப்புள்ள மற்றோரிடத்தில் 100 குழந்தைகளும் இறந்தால், சராசரி 60. அவ்வெண் இரண்டு இடங்களுக்குமே பொருந்தாது. இது வெறும் கற்பனைக் கணக்கன்று. உணவுத் தட்டுப்பாடு நிலவிய 1974இல் நாட்டின் சிசு மரண வீதம் ஏறக்குறைய 50. தோட்டப் பகுதிகளிலோ அதனினும் இரு மடங்குக்கு மேல். நெருக்கமான லயங்களும், குறைந்த கூலியும், அரசாங்க வைத்திய சேவையினின்றும் நெடுங்காலம் பிரிந்திருந்த தோட்ட வைத்தியமும் அத்துயரின் பின்னணியாம். நாட்டின் சராசரியை மட்டும் பார்த்தவர் கண்ணுக்கு அக்குழந்தைகள் தென்பட்டிரார்.

மற்றுமொரு செய்தி. பிறந்து மூன்றாம் நாள் இறந்த குழந்தையின் பிறப்பும் இறப்பும் பதியப்படாவிடின், வீதம் பொய்யாகக் குறைந்து தோன்றும். பதிவு சீர்ப்படும்போது வீதம் உயரக்கூடும். அது நோய் பெருகியதன் அடையாளமாகாது.

ஆகவே ஓர் எண்ணைக் கேட்டதும் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: யாரை எண்ணினர்? யார் விடுபட்டனர்? எவ்வெவ்விடங்களைச் சேர்த்துச் சராசரி கண்டனர்? உங்கள் இல்லத்தில் நிகழும் பிறப்பையும் இறப்பையும் தவறாது பதியுங்கள். கணக்கில் ஏறாத குழந்தைக்காக மருத்துவச்சியை அனுப்புவார் யார்?