355 விநாடிகளின் கணக்கு

குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ ஓடும் நேரம் 5 நிமிடம் 55 விநாடி, அதாவது 355 விநாடி. அக்காலத்து வானொலிப் பாட்டுகள் பெரும்பாலும் 180 விநாடியை ஒட்டியே முடிந்தன. ஏறக்குறைய இரண்டு பாட்டின் இடத்தை இது ஒன்றே கேட்டது. சுருக்கச் சொன்னவர்கள் இருந்தும், 1975 அக்டோபர் 31 அன்று பிரிட்டனில் முழு நீளத்திலேயே வெளியானது. அதற்குமுன் லண்டன் வானொலி அறிவிப்பாளர் கென்னி எவரெட் ஒரே வார இறுதியில் அதை 14 முறை ஒலிபரப்பியதாகச் சொல்வார்கள். முழுதாகவே போட்டிருந்தால் 82 நிமிடம் 50 விநாடி.

இந்த 355-இல் பாட்டின் நடுவே வரும் ஓபரா பாணிப் பகுதிக்குக் கிடைப்பது சுமார் 62 விநாடி, அதாவது 17 சதவீதம். ஆனால் உழைப்பில் பெரும்பங்கை விழுங்கியது அதுதான்: சுமார் 3 வாரம். பாடியவர்கள் குழுவின் ஃப்ரெடி மெர்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் ஆகிய 3 பேர். ஒலிநாடாவில் இருந்தவை 24 தடங்கள். ஏற்றிய பதிவுகளோ சுமார் 180 என்பது குழுவினர் சொல்லும் கணக்கு. தடத்துக்குச் சராசரி 7.5. ஆகவே நிரம்பிய தடங்களை ஒன்றாகக் கலந்து, காலியான தடத்தில் மீண்டும் பாடினார்கள். ஓடி ஓடித் தேய்ந்த நாடாவை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்ததாம்.

பிரிட்டனில் முதலிடம் 9 வாரம். 1991 நவம்பர் 24 அன்று மெர்குரி எய்ட்ஸ் நோய் தொடர்பான நிமோனியாவால் 45 வயதில் இறந்தபின், மறுவெளியீட்டில் மேலும் 5 வாரம். மொத்தம் 14. பின்னதில் இன்னொரு பாட்டும் சமபங்காக இணைந்திருந்ததால், அந்த 5-ஐ முழுதாக இதன் வரவில் எழுத முடியாது. அமெரிக்காவில் 1976-இல் 9-ஆம் இடம்; இப்பாட்டு இடம்பெற்ற ‘வெய்ன்ஸ் வேர்ல்ட்’ படம் வந்த 1992-இல் 2-ஆம் இடம்.

பொருள் மட்டும் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. கொலை செய்துவிட்டதாக ஓர் இளைஞன் தாயிடம் சொல்கிறான். விசாரணை, மன்றாட்டு, சீற்றம், கடைசியில் அயர்ச்சி. இதை, பாட்டை எழுதிய மெர்குரி தன் பாலினநாட்டத்தைப் பற்றித் தந்த மறைமுக வாக்குமூலமாகக் கொள்வோர் உண்டு. அவர் விளக்கம் தரவில்லை. அவரே உறுதிசெய்யாததை உண்மைக் கணக்கில் சேர்ப்பது சரியல்ல.

2023 செப்டம்பரில் லண்டன் சொதபீஸ் ஏலத்தில், 1975-இல் மெர்குரி 1,000 பவுண்டுக்கு வாங்கி, இப்பாட்டை இயற்றப் பயன்படுத்திய பியானோ 17.42 லட்சம் பவுண்டுக்குப் போனது, 1,742 மடங்கு. பணவீக்கத்தைக் கழித்தாலும் 100 மடங்குக்குக் குறையாது. பாட்டின் கையெழுத்து வரைவுகள் 15 பக்கம், 13.79 லட்சம் பவுண்டு. பக்கத்துக்குச் சுமார் 92,000. விமான நிறுவனத் தாளில் எழுதிய அந்தப் பக்கங்களுள் ஒன்றில், தலைப்பில் முதலில் இருந்த ‘மங்கோலியன்’ என்ற சொல் அடிக்கப்பட்டு, அதன்மேல் ‘பொஹீமியன்’ என்று எழுதப்பட்டிருக்கிறது.