உறைந்துபோன கணினியும் ஒரு சிறிய இலக்கமும்

எல்லவில் ஒரு கம்யூனிகேஷன் கடை என்று வைத்துக்கொள்வோம். 1983 வன்செயலுக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய், யுத்தத்தில் மகனைத் தொலைத்துவிட்டு, மீண்டும் பதுளைப் பக்கமே திரும்பிய ஒரு தாய், காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கடிதம் அடிக்கக் கொடுத்திருக்கிறார். இரண்டு பக்கம் முடிந்துவிட்டது, இன்னும் சேமிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஸ்கேன் செய்யும் மென்பொருள் உறைந்து நிற்கிறது. கடைக்காரத் தம்பியின் கை பவர் பட்டனுக்குப் போகிறது.

அதை அழுத்த வேண்டாம். கடிதமும் சேர்ந்து போய்விடும். உறைந்த மென்பொருளை மட்டும் தனியாக நிறுத்தலாம்.

இயங்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் கணினி ஓர் இலக்கம் கொடுக்கிறது. அதைச் சுருக்கமாக பிஐடி என்பார்கள். அடையாள அட்டை இலக்கம்போல் அது ஆயுளுக்கும் நிலைப்பதில்லை. கிளினிக்கில் தரும் துண்டு நம்பரைப் போன்றது. மென்பொருளை மூடித் திறந்தால் வேறு இலக்கம் வரும், பழையது இன்னொன்றுக்குப் போய்விடலாம். ஆகவே நேற்று குறித்து வைத்த இலக்கத்தை இன்று நம்பக் கூடாது.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். உறைந்த மென்பொருளின் பெயரில் வலது கிளிக் செய்து 'கோ டு டீடெயில்ஸ்' கொடுங்கள். அதற்குரிய வரி தெரிவாகி நிற்கும், பக்கத்திலேயே பிஐடி இருக்கும். ஒரே பெயரில் பல வரிகள் இருக்கும்போது சரியானதைப் பிரித்தறிய இதுவே வழி. பிரவுசர்கள் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து வரிகள்கூடப் போடும். வேர்ட் அப்படியல்ல, பெரும்பாலும் திறந்திருக்கும் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பிஐடிதான், அதை நிறுத்தினால் எல்லாம் போகும்.

மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர். லினக்ஸில் சிஸ்டம் மானிட்டர், அல்லது டெர்மினலில் 'டாப்' கட்டளை. லினக்ஸின் 'கில்' கட்டளை முதலில் மென்பொருளை ஒழுங்காக மூடச் சொல்லும். கூடவே 9 சேர்த்தால் எதையும் சேமிக்க விடாமல் நிறுத்திவிடும், அது கடைசி வழி.

சாட்சியங்களைக் கணினியில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வேர்க் பகுதி, எந்த பிஐடி இணையத்தோடு தொடர்பில் இருக்கிறது என்று காட்டும். அறியாத பெயர் தென்பட்டால் 'ஓபன் ஃபைல் லொகேஷன்' மூலம் அது எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். பெயரைப் போலியாக வைப்பது எளிது. இணைய இணைப்பைத் துண்டித்து, இலக்கத்தையும் இடத்தையும் படம் பிடித்துக்கொண்டு, விடயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை அதை அழிக்க வேண்டாம்.