கடல்வானிற் கண்ட புதிர்கள்

2004 நவம்பர் 14இல் கலிபோர்னியாவின் தென்கரைக்கு அப்பால், ‘நிமிட்ஸ்’ விமானந்தாங்கிக் கப்பலின் வானோடிகள் சிறகும் புகையும் அற்ற வெண்ணிறப் பொருளொன்றைக் கண்டனர். அன்று எடுத்த ஒளிப்பதிவை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2020 ஏப்பிரலிலேயே முறைப்படி வெளியிட்டது. தம் கருவிகளின் ஆற்றலைப் பிறர் அறியலாகாது என்பதே இத்தகைய மறைப்புக்குப் படையினர் கூறும் நியாயம். ஆயினும், கருவிக் குறிப்புகள் இல்லாவிடத்துக் கண்டோர் கூற்று எத்துணை நேரியதாயினும் ஆய்வுக்குப் போதாது.

இலங்கையில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. 2015 ஒக்டோபரில் வானியலார் கண்ட சிறு விண்பொருளின் பாதை உலகறிய அறிவிக்கப்பட்டது. கணித்தவாறே நவம்பர் 13 முற்பகல் 11.48 மணியளவில், ஊவா மலைகளுக்குத் தெற்கேயுள்ள கடலின்மேல் அது எரிந்து சிதைந்தது. விமானத்திலிருந்து அறிஞர் அதனைப் பதிவு செய்தனர். மனிதர் ஏவிய கலமொன்றின் எச்சம் அஃதெனத் தெளிந்தது. அளவைகள் மறைக்கப்பட்டிருப்பின், அதுவும் தீராப் புதிராகவே நின்றிருக்கும்.